இடது மூலைத் துண்டு

நல்ல நாற்காலி இது, மரெஷாலோ. காவல் நிலையத்தில் இவ்வளவு வசதியாக உட்காரவைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் உணவகத்து நாற்காலிகளைப் பற்றி இணையத்தில் ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார், நீங்களும் படித்திருப்பீர்கள்: 'முதுகுக்குப் பகை, முட்டிக்கு வினை.' கீழே 'பதோவாவைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவி' என்று போட்டிருக்கும். அந்தக் குடும்பத் தலைவி நான்தான். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் தங்கை எர்ஸீலியா போன புதன்கிழமை உங்களிடம் கொடுத்த புகாரைக் காட்டினீர்கள். 'எங்கள் உணவகத்தைப் பற்றி அவதூறு எழுதிய அடையாளம் தெரியாத நபர் மீது' என்று மேலே எழுதியிருக்கிறது. ஐம்பத்தைந்து வருஷமாக அவளும் நானும் ஒரே கூரையின் கீழே இருக்கிறோம். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குளியலறைகூட ஒன்றுதான். அடையாளம் தெரியாதவன் என்றதும் கொஞ்சம் மனம் வருந்தத்தான் செய்தது. ஆனால் நான் பெருந்தன்மையானவன், அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: நஸரேனோ என்கிற நான் என் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. இதை மேலேயே எழுதினால் நல்லது, கீழே போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நீங்கள் பியெமோந்தேயிலிருந்து இந்த நிலையத்துக்கு மரெஷாலோவாக வந்து நாலு மாசம்தான் ஆகிறது, அதனால் எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் உணவகத்தில் அச்சடித்த பட்டியல் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பரிமாறுகிறவன் மேசை முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று ஒப்பிக்க வேண்டும். கொண்டைக்கடலை சூப், கம்பிச் சட்டத்தில் அறுத்த பாஸ்தா, ஆட்டுக்கறி, கசப்புக் கீரை, அப்புறம் பாலாடைக்கட்டி. கையைப் பின்னால் கட்டாமல் ஒப்பித்தால் எனக்குப் பாதி மறந்துவிடும். கட்டிக்கொண்டால் ஒன்றுகூடத் தவறாது. நான் எதையாவது சொல்லாமல் விட்டால் அது மறதி இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

எர்ஸீலியா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். கூச்சம். கூடத்துக்கு வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது, கரண்டியைத் தேடும். ஆகவே சாப்பிடுகிறவர்களுக்கு அடுப்படியைப் பற்றித் தெரிவதெல்லாம் நான் சொல்லித்தான். அடுப்படிக்குச் சாப்பிடுகிறவர்களைப் பற்றித் தெரிவதும் நான் சொல்லித்தான். பதினோரு மேசைக்கும் ஓர் அடுப்புக்கும் நடுவில் நான் ஒரே ஆள். எவ்வளவு பெரிய பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் திம்பாலோ செய்வாள். இந்தத் தேராமோ மலையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான், ஆனால் அது வேறு, இது வேறு. முட்டையும் மாவும் கரைத்து, பின்னால் விரல் வைத்தால் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக அடை சுட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் கடலையளவு கறி உருண்டைகள். சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் உருட்டுவாள். ஒரு தட்டத்துக்கு எழுநூறு உருண்டை, ஒருமுறை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். உதவினேனா என்று கேட்காதீர்கள், எண்ணுவதும் வேலைதான்.

எங்கள் அடுப்பு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். அதனால் தட்டத்தின் இடது மூலையில் நெய்யும் சாறும் இறங்கி, ஓரம் கருகாமல் கருகி நிற்கும். அந்த மூலைத் துண்டை வாயில் வைத்தால் மனிதனுக்குச் சொந்த ஊர், பெயர், பாவ புண்ணியம் எதுவும் நினைவிருக்காது. நான் ஆட்டுக்கறிக்கு மயங்குகிறவன் இல்லை, மதுவுக்கும் இல்லை. அந்த மூலைக்குத்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தட்டத்தில் இருபத்துநாலு துண்டு, இருபத்துநாலும் போய்விட்டன. மூலைத் துண்டைப் பெஸ்காராவிலிருந்து வந்த ஒரு ஆள் வாங்கினான். பாதியைத் தின்றுவிட்டு மீதிப் பாதியில் சிகரெட்டை நசுக்கினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது கீரை. கசப்புக் கீரை.

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த ஞாயிறு ஒப்பிக்கும்போது, கடைசி மேசையில் மட்டும் திம்பாலோவின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு துண்டு மிஞ்சியது. அதற்கடுத்த வாரம் இரண்டு மேசை. இப்படிச் சின்னதாகத்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது, உங்களுக்குத் தெரியாததா.

அந்தச் சமயத்தில்தான் அவள் முதல்முறை கேட்டாள்.

"நஸரே, இன்னைக்குத் திம்பாலோ ஏன் இவ்ளோ மிஞ்சிருக்கு? யாரும் கேக்கலியா?"

"யாரும் கேக்கல, எர்ஸீ."

இது உண்மை. இருப்பது தெரியாத ஒன்றை யார் கேட்பார்கள்? நான் பொய் சொன்னதில்லை என்று சொன்னேன் அல்லவா.

அவள் ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தாள். அப்புறம் "உருண்டை பெருசாயிருச்சோ" என்றாள். அடுத்த சனிக்கிழமை உருண்டைகளை இன்னும் சின்னதாக உருட்டினாள். ஆயிரம் வந்திருக்கும். அதுவும் மிஞ்சியது. அடையை இன்னும் மெல்லிசாக்கினாள். பாலாடைக்கட்டியை மாற்றினாள். மலைக்கு அந்தப் பக்கம் போய் வேறு கோழியின் முட்டை வாங்கி வந்தாள். ஒவ்வொரு முறையும் அது முன்னைவிட நன்றாக வந்தது. அந்த வருஷம் திம்பாலோ எட்டிய உயரத்தை இந்த மாவட்டத்தில் யாரும் கண்டதில்லை. நானும் என் சீட்டாட்டக் கூட்டாளி தோனாத்தோவும் மட்டும் கண்டோம்.

தோனாத்தோ மனச்சாட்சி உள்ளவன். ஒரு திங்கட்கிழமை, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"இது பாவம்டா நஸரே. அந்தப் பொண்ணு ராவும் பகலும் உருட்டுது, நாம ரெண்டு பேரும் உள்ள தள்ளறோம். மனசு கேக்கல."

"அப்படின்னா எந்திரி."

"இன்னொரு துண்டு வையி, அப்புறம் எந்திரிக்கறேன்."

ஒரு சிக்கல் இருந்தது. ஒரு துண்டுகூடப் போகாவிட்டால் அவள் செய்வதையே நிறுத்திவிடுவாள். ஆகவே ஞாயிற்றுக்கு நாலைந்து துண்டாவது விற்க வேண்டும். யாருக்கு என்பதுதான் கேள்வி. ருசி தெரிந்தவனுக்குக் கொடுத்தால் ஊர் முழுக்கப் போய்ச் சொல்வான். நான் யோசித்து ஒரு முறை கண்டுபிடித்தேன். சளி பிடித்தவர்களுக்கு மட்டும் சொன்னேன்.

வாசலில் வரும்போதே தெரிந்துவிடும், மூக்கு சிவந்திருக்கும், கையில் கைக்குட்டை இருக்கும். அவர்களுக்கு முகம் மலர்ந்து, "இன்னைக்குத் திம்பாலோ இருக்கு" என்று ஒப்பிப்பேன். தேனிலவுக்கு வந்த ஜோடிகளுக்கும் சொல்வேன், அவர்கள் ஒருவரையொருவர்தான் தின்பார்கள். குளிர்காலத்தில் வியாபாரம் நன்றாகப் போகும். கோடையில் சளிக்காரர்கள் கிடைப்பது கஷ்டம், அதனால் ஜன்னலோரம் காற்றடிக்கிற மேசையில் சிலரை ரொம்ப நேரம் உட்காரவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்தால் பலன் தெரியும்.

எங்கள் உணவகத்தைப் பற்றிப் பாதிப் பேர் ஒன்றும், மீதிப் பேர் வேறொன்றும் எழுதியிருப்பது ஏன் என்று கேட்டீர்கள். காரணம் இதுதான். 'உப்பு உறைப்பே இல்லை, மண்ணைத் தின்றதுபோல் இருந்தது' என்று எழுதினவர்கள் எல்லாம் நேர்மையானவர்கள். அவர்களுக்கு மூக்கு அடைத்திருந்தது. 'சாப்பாடு நினைவில்லை, ஆனால் வாழ்நாளின் மிக இனிய நாள்' என்று எழுதினது தேனிலவு ஜோடி. 'கீரையும் கடலையும் தவிர எதுவும் இல்லாத ஏழை உணவகம்' என்று எழுதினவர்களுக்கு நான் அவ்வளவுதான் ஒப்பித்தேன். பதினோரு மேசையில் பதினோரு உணவகம் நடத்தினேன், மரெஷாலோ. சுலபம் இல்லை.

எர்ஸீலியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிஞ்சினதை நான் தின்பதைப் பார்த்து அவள் மனம் கரைந்துபோவாள். திங்கள், செவ்வாய் என்று நான் உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரில் நின்று சொல்வாள்: "எனக்காக ஏன் இப்படிக் கஷ்டப்படறே? கோழிக்குப் போட்டுரலாமே." நான் பெருமூச்சு விட்டு, "வீணாக்கக் கூடாது, எர்ஸீ" என்று இன்னொரு துண்டை எடுப்பேன். என் எடை ஏறி, மருத்துவர் திட்டினபோது அவளே முன்னால் வந்து, "தப்பு என்மேல, டாக்டர். என் சமையலை யாரும் தொடறதில்லை, பாவம் இவரு ஒத்தையா முடிக்கறாரு" என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் வந்தது. துக்கம் வந்தால் எனக்குப் பசி எடுக்கும், அது என் உடல்வாகு.

ஏழு வருஷம் இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் போனது. அப்புறம் எனக்குப் பல் வலி வந்தது.

போன ஆண்டு, ஆகஸ்ட் மாத மாதா திருவிழா ஞாயிறு. கன்னம் பூசணிக்காயாக வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. கூடம் நிறைய ஆட்கள். வேறு வழியில்லாமல் எர்ஸீலியா வெளியே வந்தாள். கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளக்கூடத் தெரியாமல், இடுப்பில் கட்டின சமையல் துணியைப் பிடித்துக்கொண்டு, முதல் மேசையிலேயே முதல் வார்த்தையாகத் திம்பாலோ என்றாள். எனக்குப் பல் வலியே மறந்துபோனது.

அரை மணி நேரத்தில் தட்டம் காலி. ஜன்னலோர மேசையில் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருந்தான். அஸ்கோலியிலிருந்து வந்த சர்வேயர், பெயர் லம்பெர்த்தோ, மனைவி இறந்து நாலு வருஷம். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தின் எல்லையை அளக்க வந்தவன், அதை அளந்துவிட்டுப் போயிருக்கலாம். மூலைத் துண்டு அவனுக்குப் போய்விட்டது. தட்டைத் துடைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, "இதை யாருங்க செஞ்சது?" என்றான்.

"நான்தான். ஏதாச்சும் குறையா?"

"ஒரு குறை இருக்கு. நாப்பது வயசிலயே இங்க வந்திருக்கணும், எனக்கு வழி தெரியாம போச்சு."

அவள் அடுப்படிக்குத் திரும்பி வந்தபோது காது வரைக்கும் சிவந்திருந்தாள். "நஸரே, எல்லாரும் சாப்பிட்டாங்க. நாலு பேரு ஓரம் வேணும்னு கேட்டாங்க" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. அழகாக இருந்தாள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

வீங்கின வாயோடு நான் சொன்னேன்: "நீயே நேர்ல போயி நின்னா, யாரு வேணாம்னு சொல்லுவாங்க? மூஞ்சிக்கு நேரா எப்படி மறுக்கறது? மரியாதைக்குச் சாப்பிட்டிருப்பாங்க."

"ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று தட்டத்தைக் கழுவப் போய்விட்டாள். இதுவும் பொய் இல்லை. இருக்கலாம் என்று சொல்வது பொய்யாகாது. நீங்கள் சட்டம் படித்தவர், சொல்லுங்கள்.

லம்பெர்த்தோ அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறவில்லை. பன்னிரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவான்.

"திம்பாலோ?"

"முடிஞ்சிருச்சு, சர்வேயரே."

"இன்னும் கடையே தொறக்கலியே நஸரேனோ. அதுக்குள்ள எப்படி முடிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமைன்னா அப்படித்தான்."

"செஞ்சவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணுமே."

"அவங்க வெளிய வரமாட்டாங்க."

அவன் கீரையைத் தின்றுவிட்டு, மேசையில் விரித்த காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து அவளுக்கு ஏதோ எழுதி என் கையில் கொடுப்பான். பதினெட்டுக் காகிதம். ஒன்றைக்கூட நான் கிழித்துப் போடவில்லை, அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை. முள்கரண்டி வைக்கிற இழுப்பறையின் அடியில் வரிசையாக இருக்கின்றன. படித்தும் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். ஒன்றில், 'உங்கள் கையால் சாப்பிட்ட அன்றைக்குத்தான் வீட்டில் விளக்கைப் போட்டேன்' என்று எழுதியிருந்தான். சர்வேயருக்கு இப்படியெல்லாம் எழுதவரும் என்று யார் நினைப்பார்கள்?

காகிதத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இன்று இங்கே வேலை இல்லை. அவன் இணையத்தில் எழுதினான். திம்பாலோவைப் பற்றி, அவள் பெயரோடு. அதைப் படித்துவிட்டு லாக்வீலாவிலிருந்தும் ரோமிலிருந்தும்கூட ஆட்கள் வந்து, நான் ஒப்பிப்பதற்கு முன்பே அதன் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களிடம் இல்லை என்று எத்தனை நாள் சொல்வது? நான் ஒரு சமநிலைக்காக எழுத வேண்டியதாயிற்று. முதலில் நாற்காலிகள். அப்புறம் சூப். அப்புறம் கழிப்பறைக் கதவு, அது உண்மையிலேயே சரியில்லை. பதினோரு பெயர்களில் எழுதினேன். ஒருவன் ட்ரியெஸ்தேயில் பள்ளி ஆசிரியன், அவனுக்கு நான் நல்ல இலக்கணம் கொடுத்தேன்.

பத்தாவதில்தான் கை தவறிவிட்டது. 'இந்தத் திம்பாலோவில் உள்ள உருண்டைகளை உருட்டின கைக்கு அன்பு என்றால் என்னவென்று தெரியாது' என்று எழுதினேன். எழுதும்போது நன்றாக வந்ததே என்றுதான் தோன்றியது.

எர்ஸீலியா இணையம் பார்ப்பவள் இல்லை. மருந்துக்கடை தெல்ஃபீனா இருக்கிறாளே, அவள்தான் வருத்தப்படுகிற சாக்கில் இவளுக்கு முழுதும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை எர்ஸீலியா உருட்ட உட்காரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். "இனிமே திம்பாலோ வேணாம், நஸரே. நீயும் எத்தனை வருஷம்தான் மிச்சத்தைத் தின்னுவே" என்றாள்.

ஏழு ஞாயிறு. மரெஷாலோ, ஏழு ஞாயிறு. மனுஷனுக்குத் தண்டனை என்றால் அதற்கு மேல் நீங்கள் என்ன கொடுத்துவிட முடியும்? தோனாத்தோ என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான், மனச்சாட்சி திடீரென்று வேலை செய்ததாம். நான் இளைத்தேன். அவளும் இளைத்தாள் என்று நினைக்கிறேன், கவனிக்கவில்லை.

அதனால்தான் பதினோராவதை எழுதினேன். அது பாராட்டு. அவள் மறுபடி செய்ய வேண்டும் என்பதற்காக, ஒரு மிலான்காரர் பெயரில், உள்ளத்திலிருந்து எழுதினேன். 'எல்லாவற்றிலும் சிறந்தது தட்டத்தின் இடது மூலை' என்று முடித்திருந்தேன். தெல்ஃபீனா அதையும் வாசித்துக் காட்டினாளாம். எர்ஸீலியா அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாளாம். தட்டத்தில் இருப்பதை அடுப்படியிலேயே துண்டு போட்டுவிடுவாள். வெளியே வரும் துண்டுக்கு இடது ஏது, வலது ஏது? எங்கள் அடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மிலான்காரருக்கு எப்படித் தெரியும்? இந்தச் சந்தேகம் எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்திருக்க வேண்டும். இப்போது பேசப் பேசத்தான் எனக்கே விளங்குகிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், லம்பெர்த்தோ பின்வாசல் வழியாக அடுப்படிக்கு வந்திருக்கிறான். திம்பாலோ ஏன் எப்போதும் முடிந்துபோகிறது என்று கேட்டிருக்கிறான். இவள் எப்போதும் மிஞ்சித்தானே போகிறது என்றிருக்கிறாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "லம்பெர்த்தோ என்னைக் கட்டிக்கறேங்கறாரு. அஸ்கோலியில வீடு இருக்காம், கீழ ஒரு பழைய அடுப்பும் இருக்காம். வந்து சமைக்கணும்னா சமை, வேணாம்னா சும்மா இருன்னாரு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். "நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்றேன்னேன்."

"எதுக்கு அது வரைக்கும்?"

"என் சமையல் அவருக்குப் பிடிச்சிருக்காம். ஆனா அவரு என்னை விரும்பறாரு, நஸரே. விரும்பறவன் நாக்கு கணக்குல சேருமா? ஊரு பூரா மண்ணு மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கு. அது நெசம்னா, அவரு வீட்டுக்கும் போயி அவரையும் சேத்து எதுக்குத் தலைகுனிய வைக்கணும்? பேசாம இங்கயே இருந்துருவேன்." அப்புறம் என் தட்டில் கீரை போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்னை விரும்பாத ஒருத்தரு, வாரா வாரம் சாப்பிட்ட ஒருத்தரு, உண்மையைச் சொல்லணும். அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில்தான் அவள் உங்களிடம் வந்தாள்.

இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் அவள் நன்மைக்காகச் செய்தது. புகழ் வந்தால் கண்ணேறு வரும், கண்ணேறு வந்தால் கை முடங்கும், இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் அவளைப் பாதுகாத்தேன்.

கதவைத் தட்டுகிறார்கள், பாருங்கள். உங்கள் காவலர்தான். கையில் என்ன, துணி சுற்றின தட்டா?

திறக்க வேண்டாம், எனக்கு வாசனையிலேயே தெரிகிறது. அப்படியென்றால் நேற்று உருட்டியிருக்கிறாள். நான் நேற்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், எனக்குத் தெரியாமல் தெல்ஃபீனா வீட்டில் உட்கார்ந்து உருட்டியிருப்பாள். ஞாயிறு பன்னிரண்டரைக்கு என்னை வரச்சொன்னது நீங்களா, அவளா? சரி, சொல்ல வேண்டாம்.

காவலர் சொல்வதைக் கேட்டேன். அவளே கூடத்தில் நிற்கிறாளாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பிக்கிறாளாம். லம்பெர்த்தோ ஜன்னலோரத்தில் இருக்கிறானாம், பதினோரு மேசையும் நிறைந்து வாசலில் ஆள் நிற்கிறதாம். எல்லாரும் மரியாதைக்காகத்தான் சாப்பிடுகிறார்களோ என்னவோ.

தட்டோடு வந்த அந்தச் சீட்டைச் சத்தமாக வாசிக்கிறீர்களா? என் கண்ணாடி வீட்டில் இருக்கிறது.

'மரெஷாலோ அவர்களுக்கு. இது இடது மூலைத் துண்டு, என் அண்ணனுக்கு. சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கி, இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பிவையுங்கள். மற்ற எதற்கும் எனக்குப் பதில் வேண்டாம். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எர்ஸீலியா.'

புகாரைத் திரும்பப் பெறுகிறாளா? நல்ல பெண். நான் வளர்த்த பெண்.

சாப்பிடுகிறேன், ஏன் சாப்பிடாமல்? ஏழு ஞாயிறு ஆயிற்று. முள்கரண்டியைக் கொடுங்கள். நீங்கள் அப்படி உற்றுப் பார்த்தால் எப்படி விழுங்குவது, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

உருண்டை மிளகளவு வந்துவிட்டது. இவ்வளவு சின்னதாக எப்படி உருட்டினாள், விரல் என்னத்துக்கு ஆகும்? ஓரம் கருகாமல் கருகியிருக்கிறது. அடை இருப்பதே தெரியவில்லை. கடவுளே, இத்தனை வருஷமும் இவள் இதைச் செய்துவிட்டு, கோழிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறாள்.

நன்றாக இருக்கிறது, மரெஷாலோ. நான் சாப்பிட்டதிலேயே நல்லது இது. எப்போதுமே நல்லதாகத்தான் இருந்தது, முதல் நாளிலிருந்து.

அதை எதற்கு எழுதினீர்கள்? நான் உங்களிடம் பேசினேன், காகிதத்திடம் பேசவில்லை. வாய் நிறைய இருக்கும்போது வருவதெல்லாம் வாக்குமூலம் ஆகுமா?

கொடுங்கள், பேனாவைக் கொடுங்கள். பதினோரு பெயர்கள், ஒப்புக்கொள்கிறேன். இழுப்பறையில் இருக்கும் காகிதங்கள், சளிக்காரர்கள், காற்றடிக்கிற ஜன்னல், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், சிறையில் போட்டாலும் போகிறேன். அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அதைப் படித்தால் அவள் போய்விடுவாள்.